தோலின் காவல்

உரிக்க உரிக்கத் தோலேயன்றி உள்ளே ஒன்றுமில்லை என்று வெங்காயத்தை இகழ்வது நம்மவர் வழக்கம். ஆயின், அத்தோல் வீணானதன்று. அறுவடைக்குப்பின் வெங்காயத்தைக் காத்து நிற்கும் மதில் அதுவே. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெங்காயம் பயிரிட்டோர் ஒரு பூஞ்சண நோயால் அல்லலுற்றனர். வெள்ளை வெங்காயத்தின்மீது கரி பூசினாற்போன்ற படலம் படரும். சேமிப்பிலும் தொடர்ந்து பண்டத்தின் மதிப்பைக் குலைக்கும். சிவப்பு, மஞ்சள் வெங்காயங்களோ பெரும்பாலும் தப்பி நின்றன. மண்ணும் மழையும் ஒன்றாயிருக்க, விளைவு மட்டும் வேறுபடுவானேன்?

அம்மாநிலத்து ராசீன் நகரில் 1893-இல் பிறந்த ஜே. சி. வாக்கர் என்னும் பயிர்நோய் அறிஞர் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். இந்நோய் பற்றிய விரிவான ஆய்வினை 1921-இல் வெளியிட்டார். நிறமுடைய உலர்ந்த தோல் ஊறிய நீரில் பூஞ்சண வித்துக்கள் முளைக்க இயலாது அழிந்தன. வெள்ளைத் தோல் ஊறிய நீரிலோ அவை தடையின்றி முளைத்தன. பின்னர் வேதியியல் அறிஞர் கே. பி. லிங்க் முதலியோருடன் கூடி ஆராய்ந்து, நிறத்தோலிலிருந்து 1929-இல் புரோட்டோகேட்டசூயிக் அமிலத்தையும், 1933-இல் கேட்டெக்கால் என்னும் பொருளையும் பிரித்தெடுத்தார். பயிரின் நோயெதிர்ப்பை வேதியியலால் விளக்கிய முன்னோடி ஆராய்ச்சிகளுள் இஃது ஒன்று.

எனினும், நிறமே எல்லாம் என்று மயங்குதல் கூடாது. உலர்தோலை நீக்கிவிட்டால் சிவப்பு வெங்காயத்தின் சதையும் அந்நோய்க்கு இரையாகும். தடித்து ஈரம் உலராத கழுத்து வழியே வேறு அழுகல் நோய்கள் புகும். நீர் மிகுந்த வெங்காயம் விரைவிற் கெடும். உறக்க காலம் குறுகிய வகை விரைவில் முளைவிடும். மெல்லிய கழுத்தும், செறிந்த சதையும், பல அடுக்கு உலர்தோலும் ஒருங்கே வாய்த்த வகையே நெடுநாள் நிற்கும்.

நம் நாட்டில் இவ்வேறுபாடு மக்கள் வாழ்வையே தொடுகின்றது. மழைக்காலப் பயிரின் வெங்காயம் சேமிப்புக்கு ஏற்றதன்று. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகும் ரபிப் பருவ வெங்காயமே, காற்றோட்டமுள்ள கொட்டில்களில் நான்கைந்து மாதம் தங்கி, அடுத்த விளைச்சல் வரும்வரை நாட்டை ஊட்டுகின்றது. அவ்விருப்புக் குறைந்து, மழையால் புதுப்பயிரும் கெடுமாயின், விலை வானளாவும். 1998-இல் விலை அவ்வாறு ஏறியபோது, அவ்வாண்டு நவம்பரில் நடந்த தில்லிச் சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்றாக வெங்காய விலையும் எண்ணப்பட்டது.

கெடாது நிற்கும் வெங்காயத்தை உடைய உழவன், நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். அழுகும் வெங்காயத்தை உடையவனோ, கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஆதலின், மாணவர்களே, இனி வெங்காயத்தை உரிக்கும்போது அத்தோலைச் சற்றே உற்று நோக்குங்கள். ஓர் ஏழைக் குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைக் காப்பது அம்மெல்லிய தோலாகவும் இருக்கக்கூடும்.