ஈதர்நெட்

கணினியின் பின்னால் செருகும் கம்பியைத்தான் பலர் ஈதர்நெட் என்கிறார்கள். கம்பிக்கு வைத்த பெயரல்ல அது. கிரேக்க ‘ஐத்தேர்’ மேலே ஒளிரும் தூய வான்வெளி. 19ஆம் நூற்றாண்டில் அது ஒளியைச் சுமக்கும், எங்கும் நிறைந்த ஊடகமாயிற்று. 1887இல் ஆய்வாளர்கள் மைக்கல்சனும் மோர்லியும் அதைத் தேடியபோது அகப்படவில்லை. இயற்பியல் பிறகு கைவிட்ட அந்தப் பெயரை 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பாப் மெட்காஃப் தன் கணினி வலைக்கு எடுத்துக்கொண்டார், ஊடகம் எதுவானாலும் பொருந்தட்டும் என்று. அன்று வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட்; இன்று தரவு மையங்களில் 100 கிகாபிட்டுக்கும் மேல். இந்த வேகத்தால் அங்கே மெய்நிகர்க் கணினி ஒரு சர்வரில் ஓடும், அதன் தரவு வேறோர் அடுக்கின் வட்டில் இருக்கலாம்; ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணினியை இன்னொரு சர்வருக்கு மாற்றினாலும் வட்டு இருந்த இடத்திலிருந்தே ஈதர்நெட் வழியாக எட்டும். ‘எங்கும் நிறைந்தது’ என்ற பழம்பொருள் இங்கேதான் பலிக்கிறது! தமிழில் ‘விசும்புவலை’ எனலாம். அழகான சொல்தான், ஆனால் வைஃபை என்று மயங்கவைக்கும். ஈதர்நெட்டே இருக்கட்டும்.