கதை சொல்லும் அரங்குகள்: சாக்கையர் முதல் நம் காலம் வரை

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணால் கற்க இயலாதாரும் செவியால் பெறத்தக்க செல்வம் உண்டு என்பது அப்பெருமகனார் கருத்து. சுள்ளிக்கல்லிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கருத்து இன்று பெரிதும் வேண்டப்படுவதாகும். நம் மக்கள் தமிழ் பேசுகின்றனர், பேசினால் விளங்கிக்கொள்கின்றனர். ஆயின் தமிழ் ஏட்டை எடுத்துக் கொடுத்தால், எழுத்துக் கூட்டித் தடுமாறுகின்றனர். அவர்கட்குப் புதுமைப்பித்தனையும் கு. ப. ராஜகோபாலனையும் எவ்வழியால் கொண்டு சேர்ப்பது? இவ்வினாவுக்கு விடை தேடுமுன், கதையை அரங்கில் உரைக்கும் கலையின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தை நாம் வாழும் இச்சேர மண்ணிலேயே காண்கிறோம். சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடிய செய்தியை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்துள் பதிந்துள்ளார். அப்பறையூர் நம் எறணாகுளம் மாவட்டத்துப் பறவூரே என்பாரும் உளர். அச்சாக்கையர் மரபு கேரளக் கோயில்களின் கூத்தம்பலங்களில் நிலைபெற்றது. மிழாவு முழங்க, சாக்கியார் ஒருவரே நின்று வடமொழிச் சுலோகத்தை ஓதி, மலையாளத்தில் அதன் பொருளை விரித்துக் கதையை நடத்துவார். அவையில் அமர்ந்திருப்போர் எவராயினும், அரசரேயாயினும், எள்ளி நகையாடும் உரிமை அவர்க்கு உண்டு. கோயில் மதிலுக்குள் அடங்கியிருந்த இக்கலையை மாணி மாதவ சாக்கியார் 1949இல் வானொலி வாயிலாக வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். சாக்கியார்கள் நிகழ்த்தும் கூடியாட்டத்தை 2001இல் யுனெஸ்கோ மாந்தகுலத்தின் அரிய மரபாக அறிவித்தமை நாம் அறிந்ததே.

இதனினும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது பாலக்காட்டு வட்டாரத்துத் தோல்பாவைக் கூத்து. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைப் பாடி, இரவிரவாக உரை விரிக்கின்றனர். தாரிகனோடு போர் புரியச் சென்றமையால் இராம இராவணப் போரைக் காண இயலாது போன அம்மைக்காக நிகழ்த்தப்படுவது இக்கூத்து என்பது ஐதிகம். ஆதலின் முன்னே அமர்ந்து கேட்பார் ஒருவரும் இல்லாத இரவிலும் புலவர் தம் பணியை நிறுத்துவதில்லை. மலையாள நாட்டில் கம்பன் தமிழ் இவ்வாறு வாய்வழியே வாழ்ந்து வருவது எண்ணி எண்ணி வியக்கத் தக்கதன்றோ!

புதிய காலத்தில் இம்மரபு கதாப்பிரசங்கமாக மலர்ந்தது. ஸ்ரீநாராயண குருவின் ஆசியோடு சி. ஏ. சத்தியதேவன் 1924இல் இதனைத் தொடங்கினார் என்பர். புராணக் கதைகளின் இடத்தில் குமாரன் ஆசானின் காவியங்கள் அரங்கேறின. 1949இல் மேடையேறிய வி. சாம்பசிவனோ உலக இலக்கியத்தையே கோயில் திருவிழாத் திடலுக்குக் கொண்டுவந்தார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும், டால்ஸ்டாயின் நாடகத்தினின்று உருவான அனீஸ்யாவும் அவர் நாவில் மலையாள மக்களாயினர். டால்ஸ்டாயின் பெயரையே கேட்டறியாத உழவரும் தொழிலாளரும் விடியும் வரை மணலில் அமர்ந்து கேட்டனர். அரிய இலக்கியம் பாமரர்க்கு எட்டாது என்பார்க்கு இதுவே தக்க விடையாகும்.

தமிழகத்திலும் இத்தகு வழக்குகள் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் கதாகாலட்சேபமும், தென்பாண்டிச் சீமையின் வில்லுப்பாட்டும் ஒருபுறம் இருக்க, எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை உரக்கப் படிக்க, ஊரார் சூழ்ந்து கேட்ட காலமும் இருந்தது. அச்சுநூல் பெருகவே, படித்தல் என்பது வாய்மூடிய தனிச்செயல் ஆயிற்று.

மேனாட்டில் சார்லஸ் டிக்கன்ஸ் 1853இல் பர்மிங்காம் நகர மன்றத்தில் தம் கிறிஸ்துமஸ் கதையை மக்கள் முன் படித்தார். 1858 முதல் அதனைத் தொழிலாகவே மேற்கொண்டார். பாத்திரத்திற்கேற்பக் குரலும் முகமும் மாற்றி, தேர்ந்த நடிகரைப் போன்று அவர் படித்ததைக் கேட்டுப் பெண்டிர் மயங்கி விழுந்தனராம். மருத்துவர் தடுத்தும் விடாது படித்து உடல் நைந்த அவர், 1870 மார்ச்சில் இறுதி வாசிப்பை நிகழ்த்தி, அவ்வாண்டு ஜூனில் மறைந்தார். நம் நாட்டில் நசீருத்தீன் ஷா தம் மோட்லி நாடகக் குழுவினருடன், இஸ்மத் சுக்தாயின் உருதுச் சிறுகதைகளை 2000ஆம் ஆண்டு முதல் மேடையில் வழங்கினார். கதையை நாடகமாக மாற்றாது, ஆசிரியரின் சொற்களை அவ்வாறே நடிகர் உரைப்பது அதன் தனிச்சிறப்பு. உருது எழுத்தைப் படிக்க அறியாதாரும் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர். நம் மக்களின் நிலையும் அதுவேயன்றோ!

நம் இல்லத்தில் நேர்ந்த ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். மழை ஓயாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகக் கோப்புகளையன்றிப் பிறிதொன்றையும் உரக்கப் படித்தறியாத நாம், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை மைந்தனுக்குப் படித்துக் காட்டினோம். ஆயுட்சந்தா கேட்கப்பட்ட கடவுள், யாருடைய ஆயுள் என வினவும் இடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தான். நம் குரல் கம்மிப் படிப்பை நிறுத்தியபோது, "மீதியையும் படியுங்கள் அப்பா" என்றான். தமிழ் நூல் ஒன்றை அவன் வேண்டிக் கேட்டது அதுவே முதன்முறை. பயிற்சியற்ற எழுத்தர் குரலுக்கே இத்துணை ஆற்றல் உண்டெனில், தேர்ந்த நடிகரின் குரல் என்ன செய்யாது!

ஆதலின் நம் சங்கத்து ஆண்டு விழாவில் திரையிசை நடனங்களுக்கிடையே ஓர் அரைமணி நேரத்தைச் சிறுகதைக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறோம். தமிழகத்து நாடக நடிகர் ஒருவரை அழைப்போம். அதுவரை நம்முள் குரல்வளம் உடையார் படிக்கட்டும். கேட்பார் இல்லாத இரவிலும் கம்பனைப் பாடும் புலவர்கள் வாழும் நாட்டில் நாம் வாழ்கிறோம். நமக்கோ கேட்பதற்கு மக்கள் இருக்கின்றனர். நாம் படிப்பதற்காக அவர்கள் காத்திருக்கின்றனர்.