ஒரே சர்வேசுரன்: நம் முன்னோர் இறைவனை அழைத்த பெயர்களின் வரலாறு



ஜூபிலி மலர் என்றால், கோயிலுக்கு அடிக்கல் நாட்டியது எப்போது, மணி ஏற்றியது எப்போது, பணியாற்றிய குருக்கள் யார் யார் என்று எழுதுவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம் பெறும். நாம் இங்கே எழுத விரும்புவது அவற்றைவிடப் பழைய வரலாறு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோயில் எழுப்புவதற்கு முன்னே, நம் முன்னோர் வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. ஒரே இறைவனைத் தமிழில் எந்தப் பெயரிட்டு அழைப்பது என்பதே அது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குத்தாலம், மூவர் தேவாரமும் பெற்ற திருத்துருத்தி என்னும் பழம்பதி. இங்கே நாம் சைவப் பெருமக்களோடு ஒரே தெருவில், ஒரே வாய்க்கால் தண்ணீரில் வாழ்கிறோம். அவர்கள் நம் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு: “சாமி ஒண்ணுதான் என்கிறீர்கள். பிறகு பிதா, சுதன், ஆவி என்று மூன்று சொல்கிறீர்கள். மாதாவுக்குத் தேர் இழுக்கிறீர்கள், அந்தோணியாருக்குத் திரி ஏற்றுகிறீர்கள். உங்களுக்குத்தான் எத்தனை சாமி?” இது ஏளனமான கேள்வி அல்ல, நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் நம் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பதுதான் வருத்தம்.

தம்பிரான்

1542-ம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராய்க் கற்பித்தார். 1544-ம் ஆண்டில் தான் ஒரு பிழை இருப்பதை உணர்ந்து, உடன் உழைத்தவருக்குக் கடிதம் எழுதினார். ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற பொருள்படும் சொல் புகுந்திருந்தது. அவ்வளவு பெரிய அர்ச்சியசிஷ்டவரும் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளத் தயங்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ம் நாள் கொல்லத்தில் அவர் அச்சிட்டு முடித்த 16 பக்கச் சிறுநூலே, தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல். அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தலைவன், ஆண்டவன் என்று பொருள்படும் தம்பிரான் என்ற சொல்லையே அவர் இறைவனுக்குத் தேர்ந்தார். கடற்கரை மக்களுக்கு அது போதுமானதாயிருந்தது. ஆனால் நம் சோழநாட்டில் அது குழப்பம் தரும். நமக்கு அருகிலேயே திருவாவடுதுறை ஆதீனமும் தருமபுரம் ஆதீனமும் உள்ளன. அங்கே தம்பிரான் என்றால் மடத்துத் துறவி அல்லவா?

சர்வேசுரன்

1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டவர். உரோமையில் பிறந்து, 1656-ம் ஆண்டு மயிலாப்பூரில் உயிர் நீத்தவர். தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, நம் நாட்டு ஞானிகளோடு வாதிட்டு, சொற்களை எடை போட்டுப் பார்த்தவர். அவருடைய எழுத்துக்களிலும் அவர் வழிவந்தோர் எழுத்துக்களிலும் நிலைபெற்ற சொல்லே சர்வேசுரன். ஈசுவரன் என்பது இந்நாட்டில் முன்பே வழங்கிய பெயர். அதோடு ‘சர்வ’ என்பதைச் சேர்த்தால், எல்லாவற்றிற்கும் தலைவர் என்றாகிறது. தேவன் என்றால் தேவர்கள் என்று பன்மை சொல்லலாம். எல்லாவற்றிற்கும் தலைவர் என்று சொன்ன பிறகு, அப்படி இருவர் இருக்க முடியாது. அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரே கடவுள் என்ற போதனை அடங்கியிருக்கிறது.

சொல் மட்டும் போதாது என்று அறிந்த நொபிலி அடிகளார், மெய்யான கடவுள் எப்படிப்பட்டவராயிருக்க வேண்டும் என்பதற்கு ஆறு இலட்சணங்களை வகுத்து விளக்கினார். இவை ஞானோபதேச நூல்கள் வழியாக உபதேசியார் வாய்க்கும், உபதேசியார் வழியாக நம் பாட்டிமார் வாய்க்கும் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடம் போகாத மூதாட்டிகளும் இந்த ஆறையும் விரல் மடக்கிச் சொன்ன காலம் உண்டு. இன்று நம் இளைஞர் பலர் அவற்றைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆதலால் அவற்றை எளிய நடையில் தருகிறோம்.

முதலாவது, கடவுள் தாமாகவே இருக்கிறவர். நம் வயலின் நெல் வாய்க்காலை நம்பியிருக்கிறது. வாய்க்கால் காவிரியை நம்பியிருக்கிறது. காவிரி மேட்டூரை நம்பியிருக்கிறது. மேட்டூர், குடகு மலையின் மழையை நம்பியிருக்கிறது. மழையும் வேறொன்றை நம்பியிருக்கிறது. இப்படி ஒன்றையொன்று நம்பி நிற்கும் உலகில், எதையும் நம்பி நிற்காத ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மோயீசன் எரியும் முட்செடியின் அருகே கேட்ட பெயரின் பொருளும் இதுவே.

இரண்டாவது, அவருக்குத் துவக்கமும் முடிவும் இல்லை. மூன்றாவது, அவருக்குச் சரீரம் இல்லை. ஆகவே ஆண், பெண், பசி, மூப்பு என்பவை அவருடைய தெய்வ சுபாவத்தில் இல்லை. சுதனாகிய சர்வேசுரன் நம்மை மீட்க மனித சரீரம் எடுத்தார் என்பது உண்மை. அது அன்பினால் எடுத்துக்கொண்டது. நான்காவது, அளவில்லாத சகல நன்மைகளும் நிறைந்தவர். ஐந்தாவது, எங்கும் நிறைந்திருக்கிறவர். கோயில் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ச் செய்யும் காரியமும் அவர் கண்முன்தான் நடக்கிறது. ஆறாவது, எல்லாவற்றிற்கும் ஆதிகாரணமாயிருக்கிறவர்.

இந்த ஆறையும் தனித்தனியே ஆறு பண்புகளாக எண்ணிவிடக் கூடாது. கடவுளிடத்தில் பகுதி என்பதே இல்லை. பலகணிகள் பலவாயினும் உள்ளே வரும் வெயில் ஒன்றே என்பதுபோல, நம் சிற்றறிவு ஆறு வழியாகப் பார்க்கிறது, அவ்வளவே.

தரங்கம்பாடியில் நடந்தது

நம் ஊரிலிருந்து மயிலாடுதுறை வழியாகக் கிழக்கே சென்றால் தரங்கம்பாடி. 1706-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே வந்திறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு, தமிழ் கற்றபோது கத்தோலிக்கக் குருக்கள் எழுதிய நூல்களையும் தேடிப் படித்தார். சர்வேசுரன் என்ற சொல்லை அவரும் எடுத்துக்கொண்டார். பின்னர் பப்ரிசியுஸ் தம் மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்றார். 19-ம் நூற்றாண்டில் பிராட்டஸ்டாண்டு சகோதரரின் வேதாகமம் ‘தேவன்’ என்றது.

சீகன்பால்கும் உடன் உழைத்தவரும் இப்பகுதித் தமிழரிடம் சமயத்தைப் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில்கள் பெற்றார்கள். 1712 முதல் வந்த அக்கடிதங்களில் 99 ஜெர்மானிய மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. பரம்பொருள் ஒன்றே என்று தாங்களும் ஏற்பதாக எழுதியவர்கள் அவர்களில் உண்டு. ஆக, ஒருவரே கடவுள் என்ற எண்ணத்தைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. நம் அயலார் உள்ளத்திலும் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரே கடவுள் நம்மைத் தேடி வந்து, தம் மகனில் தம்மையே வெளிப்படுத்தினார் என்பதே நாம் அறிவிக்கும் நற்செய்தி.

அக்காலத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் உழைத்த வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடிப் போதகர்களுக்கும் நூல் வழியாகக் கடும் வாதம் நடந்தது. இரு பக்கத்திலும் சுடுசொற்கள் எழுதப்பட்டன. ஆயினும் கடவுள் ஒருவர், ஆட்கள் மூவர் என்பதில் இரு சாராருக்கும் வேற்றுமை இருக்கவில்லை. 1995-ம் ஆண்டு கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் ‘கடவுள்’ என்றே அழைத்திருப்பதைக் காணும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிணக்கு ஒரு சொல்லில் ஆறியதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

மூன்று ஆட்கள், ஒரே நாமம்

மூவொரு கடவுளை விளக்க, கல்லணையில் காவிரி கிளை பிரிவதை உவமை சொல்வார் உண்டு. அது பொருந்தாது. ஆறு பிரிந்தால் தண்ணீர் பங்காகும். ஒன்றில் கூடினால் மற்றதில் குறையும். முறைப்பாசனத்துக்குச் சண்டையும் வரும். கடவுள் பங்காவதில்லை. தந்தை முழுமையாகக் கடவுள், மகன் முழுமையாகக் கடவுள், தூய ஆவியார் முழுமையாகக் கடவுள். ஆயினும் மூன்று கடவுளர் இல்லை, சுபாவம் ஒன்றே.

மகன் படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் போதித்தபோது, 325-ம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று வரையறுத்தார்கள். அந்தப் பொதுச்சங்கத்தின் 1700-ம் ஆண்டு நிறைவை 2025-ல் அகில உலகத் திருச்சபையும் நினைவுகூர்ந்தது. ஒரு சொல்லுக்காகவா இத்தனை போராட்டம் என்று கேட்பவருக்கு, புனித அத்தனாசியாரின் வாழ்வு விடை சொல்லும். அவர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டும் அச்சொல்லை விடவில்லை. சிலுவையில் தொங்கியவர் வெறும் சிருஷ்டி என்றால், கடவுள் நம்மிடம் ஓர் ஆளை அனுப்பிவிட்டுத் தாம் தூரத்தில் நின்றுவிட்டார் என்றாகும். வந்தவர் கடவுளே. நம் மீட்பு இதில்தான் நிற்கிறது.

இந்தப் போதனையை நாம் தினமும் கையால் எழுதுகிறோம். சிலுவை அடையாளம் வரையும்போது மூவரைச் சொல்கிறோம். ஆனால் நாமத்தினாலே என்கிறோம், நாமங்களினாலே என்பதில்லை. அன்று ‘இஸ்பிரீத்துசாந்து’ என்றார்கள், பின்னர் ‘பரிசுத்த ஆவி’ என்றார்கள், இன்று ‘தூய ஆவியார்’ என்கிறோம். சொற்கள் மாறின; அந்த ஒருமை மாறவில்லை. பிள்ளைகளிடம் யாரேனும் கேட்டால், சிலுவை வரைந்து காட்டி இதையே சொல்லச் சொல்லுங்கள்.

மாதாவும் புனிதர்களும்? ஆராதனை வேறு, வணக்கம் வேறு. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் திருயாத்திரிகர்கள் மாதாவைக் கடவுள் என்று எண்ணிப் போவதில்லை. தாயிடம் பரிந்து பேசச் சொல்லப் போகிறார்கள். கடவுளிடம் கேளாமல் சுரூபத்திடம் கேட்பவர் எவரேனும் நம்மில் இருந்தால், அவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே தந்தை என்றால்

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ம் நாள் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் தந்தது. அதன் பின் பூசை தமிழில் வந்தது. கடவுள், இறைவன், ஆண்டவர் என்னும் சொற்கள் நம் பீடத்தில் ஒலிக்கின்றன. எல்லாவற்றையும் கடந்தும் உள்ளே இருப்பவர் என்று கடவுள் என்னும் சொல்லுக்கு விளக்கம் சொல்வாருண்டு. நல்ல விளக்கம்தான்.

ஆனால் சரியான சொல் கிடைத்துவிட்டதோடு கடமை முடிந்ததா? இங்கே நம் வரலாற்றின் வேதனையான பக்கத்தையும் புரட்ட வேண்டும். நொபிலி காலத்து மறைப்பணி சாதி வழக்கங்களை ஒட்டியே நடந்தது. 1640-ம் ஆண்டு முதல், தாழ்த்தப்பட்டவர்க்கென்று பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவுக் குருக்கள் ஏற்பட்டனர். சர்வேசுரன் ஒருவர் என்று கற்பித்த வாயே, அவர் பிள்ளைகளுக்கு இரண்டு வாசல் காட்டியது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் இரு பிரிவினருக்கும் நடுவே எழுந்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. தமிழகத்தில் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் உள்ளன.

ஆறு இலட்சணங்களை மனப்பாடமாய்ச் சொல்லிவிட்டு, பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவரை வேறு ஆளாய்ப் பார்த்தால், நாம் வாயால் ஒரு கடவுளையும் மனத்தால் இரண்டு கடவுளையும் கும்பிடுகிறோம் என்றே பொருள். நமக்குப் புனித சின்னப்பர் நினைவூட்டுவது இதுதான்: ஆண்டவர் ஒருவர், விசுவாசம் ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று. அயலாரின் கேள்விக்கு நாம் சொல்லக்கூடிய சிறந்த பதில் ஞானோபதேசப் புத்தகத்தில் இல்லை. ஒரே நற்கருணைப் பந்தியில் வித்தியாசமின்றி நிற்கும் பங்கைக் கண்டால், “இவர்களுக்குச் சாமி ஒண்ணுதான்” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் ஒன்று செய்வோம். வீட்டுக்கு வீடு மாலைச் செபத்தில், முதியோர் பிள்ளைகளுக்கு அந்த ஆறு இலட்சணங்களையும் கற்றுக்கொடுக்கட்டும். பிள்ளைகள் முதியோரிடம், பழைய பிரிவினை ஏதேனும் நம்மிடம் மிச்சமிருக்கிறதா என்று கேட்கட்டும். இரண்டையும் செய்தால் இம்மலர் அச்சிட்ட பயனை அடைவோம்.

துவக்கமும் முடிவும் இல்லாத ஒரே கடவுள், தந்தை, மகன், தூய ஆவியார், நம் பங்கைத் தம்மைப்போல் ஒன்றாக்கி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

இறையன்பில் உங்கள்,
பங்குத் தந்தை