இரவு, வார இறுதிப் பணிக்கு எவ்வளவு ஊதியம்? இங்கிலாந்து இளநிலை மருத்துவர் ஒப்பந்தம் ஒரு பார்வை

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் பணியாற்றும் இளநிலை மருத்துவர்களுக்கு இரவு, வார இறுதிப் பணிக்கான ஊதியம் 2016-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கணக்கிடப்படுகிறது. இந்தியாவில் படித்த ஏராளமான மருத்துவர்களும் அச்சேவையில் பணிபுரிகின்றனர்.

பழைய முறை

முன்பு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரையே வழக்கமான பணி நேரமாகும். பணிச்சுமைக்கேற்ப அடிப்படை ஊதியத்தில் குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாக வழங்கப்பட்டது. பல பணியிடங்களில் இது 40 அல்லது 50 சதவீதமாக இருந்தது.

மோதல்

அடிப்படை ஊதியத்தை உயர்த்தி, வார நாள்களில் இரவு 10 மணி வரையும் சனிக்கிழமையின் பெரும்பகுதியையும் வழக்கமான நேரமாக்க அரசு முன்வந்தது. வார இறுதியில் நோயாளிகளுக்குக் கூடுதல் மருத்துவர்கள் கிடைப்பர் என்பது அரசின் வாதம். ஊதிய இழப்பும், களைத்த மருத்துவரால் நோயாளிக்கு நேரக்கூடிய ஆபத்தும் மருத்துவர்களின் கவலை.

2015 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 98 சதவீதத்தினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். 2016 ஏப்ரலில் அவசர சிகிச்சைப் பணியையும் புறக்கணித்தனர். சமரச உடன்பாட்டை ஜூலையில் 58 சதவீதத்தினர் நிராகரித்தனர். எனினும் அரசு அக்டோபர் முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. திருத்தப்பட்ட ஒப்பந்தம் 2019-இல் 82 சதவீத ஆதரவுடன் ஏற்கப்பட்டது.

முக்கிய விதிகள்

* இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரையிலான பணிக்கு 37 சதவீதம் கூடுதல் ஊதியம்.
* எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வார இறுதிப் பணி வருகிறது என்பதைப் பொறுத்துத் தனிப்படி.
* சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ச்சியான 7 நாள்களில் அதிகபட்சம் 72 மணி நேரம்.
* ஒரு பணிமுறை 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
* பணி நேரம் மீறப்பட்டால் மருத்துவர் முறைப்படி பதிவு செய்யலாம். இதனைக் கண்காணிக்கத் தனிப் பொறுப்பாளர் உண்டு. வரம்பு மீறலுக்கு அபராதமும் விதிக்கப்படும்.

இளநிலை மருத்துவர்கள் என்ற பெயர் 2024 செப்டம்பரில் உறைவிட மருத்துவர்கள் என மாற்றப்பட்டது.

இந்தியாவில்

உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி வழக்கமாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இல் உத்தரவிட்டது. அதனை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது மருத்துவர் அமைப்புகளின் நீண்டகாலக் கோரிக்கையாகும்.