பாலமில்லாத பிரிட்ஜ் தெரு

சிட்னியின் பழைய புகைப்படங்களில் டிரெல் தொகுப்பு பேர்போனது. சார்லஸ் கெர்ரி, ஹென்றி கிங் ஆகியோரின் ஸ்டூடியோக் கண்ணாடித் தகடுகள் அவை. பவர்ஹவுஸ் அருங்காட்சியகம் 2008இல் அவற்றை இணையத்தில் ஃப்ளிக்கர் காமன்ஸ் தளத்தில் போடத் தொடங்கியது. அன்றும் இன்றும் என்று படங்களை ஒட்டிவைத்துப் பார்ப்பது அங்கே பலருக்கும் பொழுதுபோக்கு. பிரிட்ஜ் தெருவில் குதிரைவண்டி போய்க் கார் வந்திருக்கும். நிலத்துறைக் கட்டடத்தின் கோபுரம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். தெருவுக்குப் பெயர் தந்த பாலத்தை இரண்டிலும் தேட வேண்டாம். பாலம் கடந்த ஓடை, கெர்ரி படமெடுக்க வரும் முன்பே தரைக்கடியில் போய்விட்டது.

அந்த ஓடைக்குப் பெயர் டாங்க் ஸ்ட்ரீம். 1788இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் பிரிட்டிஷ் குடியேற்றத்துக்குச் சிட்னி கோவ் என்ற குடாவைத் தேர்ந்ததற்கு இந்த நன்னீர் ஒரு முக்கியக் காரணம். சில ஆண்டுகளில் வறட்சி வந்தது. ஓடைக்கரை மணற்பாறையைக் குடைந்து தொட்டிகள் வெட்டினார்கள். தொட்டி வந்ததும் ஓடைக்கும் அந்தப் பெயர் வந்தது. 1826க்குள் நீர் நாறிப்போய்க் குடிக்க உதவாமல் கைவிடப்பட்டது.

இந்த 'டாங்க்' ஆங்கிலேயர் ஊரிலிருந்து கொண்டுவந்த சொல் அல்ல. நம் பக்கத்துச் சரக்கு. குஜராத்தி, மராத்தியில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் 'டாங்கி', 'டாங்கே' போன்ற சொற்களிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது என்பார்கள். போர்ச்சுகீசியரின் 'டாங்க்கெ' இதில் எவ்வளவு கலந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மதராஸ் வெள்ளைக்காரனுக்கு ஏரியும் டாங்க், கோயில் குளமும் டாங்க். முதல் உலகப் போரில் கவச வண்டியை ரகசியமாகச் செய்தவர்கள், தண்ணீர்த் தொட்டி என்று நம்பவைக்க இதே பெயரைச் சூட்டினார்கள்.

பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்களைக் காட்டி, டாங்க் தமிழ்ச்சொல்லே என்று யாராவது கிளம்பலாம். தாங்கல் சிற்றேரிதான், ஆனால் அது நீரைத் தாங்குவதால் வந்த பெயர். ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. வேடிக்கை என்னவென்றால் ஈழத்தமிழர் தண்ணீர்த் தொட்டியைத் 'தாங்கி' என்கிறார்கள், கவச வண்டியையும் தாங்கி என்றே எழுதுகிறார்கள். வந்த சொல்லுக்கு நம் வேரையே மாட்டிவிட்ட அழகு அது. இன்று சிட்னித் தமிழ் வீடுகளிலும் அந்தச் சொல் புழங்குகிறது.

நீர் போய்ப் பெயர் மட்டும் நிற்பதில் சென்னையிலும் இதே கதைதான். மாம்பலத்தின் நீண்ட ஏரியை, ஆங்கிலேயரின் 'லாங் டாங்க்'கை, 1920களில் வற்றவைத்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரைகட்ட ஏரி இல்லை. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் மட்டும் பழைய முகவரி தேடி வந்துவிடுகிறது. இவற்றைத் தமிழ்ப்படுத்துகிறோம் என்று யாரும் தலைவர் பெயர் வைக்காதிருக்க வேண்டும்; ஏரி இருந்ததற்குத் தெருவில் மிச்சமிருக்கும் சாட்சி அந்தப் பெயர்ப்பலகைதான்.

மறுபடி சிட்னிக்கு வருவோம். 1841 மே மாதம், ஆஸ்திரேலியாவின் முதல் புகைப்படம் என்று சொல்லப்படுவதை லூகா என்ற கப்பல் தலைவர் பிரிட்ஜ் தெருவை நோக்கி எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. டாங்க் ஸ்ட்ரீம் இருக்கிறது. பிட் தெருவுக்கும் ஜார்ஜ் தெருவுக்கும் நடுவே, கட்டடங்களுக்கடியில் மழைநீர் வடிகாலாக ஓடி, சர்குலர் கீயில் கடலில் சேர்கிறது.