ஹில்மா ஆஃப் கிளிண்ட்

ஹில்மா ஆஃப் கிளிண்ட் (1862–1944) சுவீடன் நாட்டு ஓவியர். கண்ணுக்குப் புலனாகாத ஆன்மிக உலகை வட்டம், சுருள், மலர், எழுத்து ஆகிய குறியீடுகளால் வரைந்தவர். ஓவியர் காண்டின்ஸ்கியின் புகழ்பெற்ற அரூப ஓவியங்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1906இல், அரூப வடிவங்களுக்கு வந்து சேர்ந்தவர்.

தேடலின் தொடக்கம்

ஸ்டாக்ஹோமை அடுத்த சோல்னாவில் கடற்படை அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1882 முதல் 1887 வரை அரச நுண்கலைக் கழகத்தில் பயின்றார். நிலக்காட்சி, உருவப்படம், தாவரப் படம் ஆகியவை அவருக்கு வருவாய் தந்தன. 1880இல் தங்கை ஹெர்மினா இறந்தது அவரது ஆவியுலக நாட்டத்தை ஆழப்படுத்தியது. பிரம்மஞான சபையின் கருத்துகளும் அவரை ஈர்த்தன. 1896இல் நான்கு தோழியருடன் ‘ஐவர்’ என்ற குழுவை அமைத்தார். அவர்கள் கூடி வழிபட்டுத் தியானித்தனர்; மேலுலகிலிருந்து வந்ததாக நம்பிய செய்திகளை எழுதினர்; கையைத் தன்போக்கில் விட்டும் வரைந்தனர்.

கோயிலுக்கான ஓவியங்கள்

அமாலியேல் என்னும் ஆவியுலக வழிகாட்டி தமக்கு இட்ட பணியென்று கருதி, 1906இல் ‘கோயிலுக்கான ஓவியங்கள்’ வரிசையைத் தொடங்கினார். 1915க்குள் 193 ஓவியங்கள் உருவாயின. பார்வையிழந்த தாயைக் கவனிப்பதற்காக 1908 முதல் 1912 வரை இப்பணி நின்றிருந்தது. 1907இல் வரைந்த ‘பத்துப் பெரும் ஓவியங்கள்’ ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமுடையவை. குழந்தைப் பருவம் முதல் முதுமைவரை மனித வாழ்வைச் சொல்பவை. நீலம் பெண்மையையும் மஞ்சள் ஆண்மையையும் குறிக்க, இரண்டும் கலந்த பச்சை அவற்றின் ஒருமையைக் காட்டுகிறது. நத்தை ஓட்டின் சுருள் ஆன்மாவின் படிமலர்ச்சி. 1915இன் ‘பலிபீட ஓவியங்கள்’ வரிசையில், வண்ணப்படிகளாலான முக்கோணம் பொன்வட்டை நோக்கி ஏறுகிறது. இவற்றை வைக்கச் சுருள்வடிவக் கோயில் ஒன்றை அவர் மனத்தில் கண்டிருந்தார்; அது கட்டப்படவில்லை.

பிற்காலமும் மதிப்பும்

தாய் மறைந்த 1920இல், ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனரின் மானுடஞான சங்கத்தில் சேர்ந்தார். பின்னர் நீர்வண்ணத்தில் தாவரங்களின் உள்ளியல்பைத் தேடினார். தம் படைப்புகளை உறவினர் எரிக்கிடம் விட்டுச்சென்றபோது, தாம் இறந்து 20 ஆண்டுகள்வரை அவற்றைக் காட்சிக்கு வைக்கலாகாது என்றார். 1986இல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சி அவற்றை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது. 2018–19இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றைக் கண்டனர்.

அரூப ஓவியத்தின் முன்னோடி என்ற புகழ் அவருக்கு உரியதே. ஆயினும் அவர் புதிய பாணி ஒன்றைத் தேடியவர் அல்லர். ஆணும் பெண்ணும், பொருளும் ஆவியும் எங்கே ஒன்றாகின்றன என்ற கேள்விக்கு விடைகாணவே வரைந்தார். வடிவங்கள் அந்த விசாரணையில் பிறந்தவை.