தரங்கம்பாடியில் சீகன்பால்க்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க், இன்னொருவர் ஹென்ரிக் புளூட்சோ. மறுநாள் சீகன்பால்குக்கு 24ஆவது பிறந்தநாள். கோபன்ஹேகனில் 1705 நவம்பரில் கப்பல் ஏறியவர்கள், வந்து சேர ஏழு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்.

மன்னரே அனுப்பிய ஆட்கள் என்றால் கோட்டையில் தடபுடலான வரவேற்பு இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ் வணிகக் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனிக்கு வேண்டியது வியாபாரம். சமயப் பிரசாரம் ஊரில் குழப்பத்தை உண்டாக்கும் என்று பயந்தார்கள். தளபதி ஹாசியஸ் ஆரம்பத்திலிருந்தே முகம் கொடுக்கவில்லை.

ஊர் மக்களோ அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார் சீகன்பால்க். பல மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் துபாஷியாக உதவினார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களை ஏடுகளாகச் சேர்த்து, 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதிவிட்டார். இன்று தமிழ் இலக்கிய வரலாறு எழுதுபவர்களுக்கும் அந்தப் பட்டியல் பயன்படுகிறது.

அதே 1708இன் கடைசியில் ஹாசியஸ் அவரைக் கைது செய்தார். ஒரு விதவையின் வழக்கில் அவர் தலையிட்டதுதான் காரணம். சுமார் நான்கு மாதம் டேனிஷ் கோட்டையில் சிறைவாசம். கிறிஸ்தவம் பரப்ப வந்தவரைச் சிறையில் வைத்தது ஒரு கிறிஸ்தவத் தளபதி!

வெளியே வந்தபின் வேலை வேகமெடுத்தது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1711இல் முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகத்துக்குச் செலவானது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்திலேயே பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் வந்துவிட்டது.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த அவருடைய குரு பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்த மதத்தை ஒழிக்கத்தான் ஆள் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். உள்ளூர் மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் அது. இவ்வளவு விரிவாக அன்று வேறு எந்த ஐரோப்பியர் எழுதினார்?

1714இல் ஐரோப்பா போய் மன்னரையே நேரில் பார்த்துக் குறைகளைச் சொன்னார். போகிற வழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. திருமணமும் செய்துகொண்டு அதே வருடம் திரும்பினார். தரங்கம்பாடியில் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை ஆனது. ஆனால் கோபன்ஹேகன் மிஷன் நிர்வாகத்தின் செயலாளர் வென்ட், அப்போஸ்தலர்கள் போல ஊர் ஊராகப் போகாமல் கட்டிடம் எதற்கு என்று கண்டித்துக் கடிதம் எழுதினார். ஏற்கனவே உடல் நலிந்திருந்த சீகன்பால்கை அது மிகவும் வருத்தியது.

1719 பிப்ரவரி 23 அன்று தரங்கம்பாடியிலேயே இறந்தார். வயது 36. அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஹாலேயில் தூங்கிய அந்தத் தெய்வங்கள் நூல் 1867இல்தான் அச்சேறியது, அதுவும் சென்னையில்.